பித்தளை என்றால் புளி

உத்திரமேரூர்
4-8-2025

இளமதிக்கு,

ஏழு நாளாக போன் செய்கிறேன், நீ எடுக்கவே இல்லை. நேற்று பஸ் ஸ்டாண்டில் உங்கள் ஆஸ்பத்திரி பூஜாவைப் பிடித்துக் கேட்டேன். "அக்கா போன்ல பேச மாட்டாங்களாம்ணா. எதுனா சொல்லணும்னா எய்திக் குடுங்க, நான்தான் தெனம் செங்கல்பட்டு போய் வந்துக்கினு கீறேனே" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டது. நான் கடைசியாக நாலு வரி சேர்ந்தாற்போல் எழுதியது ஐ.டி.ஐ. பரீட்சையில். இருந்தாலும் எழுதுகிறேன், பார்.

விஷயம் இதுதான். உன் காபி மிஷின் ஓடவில்லை. ஸ்விட்சைப் போட்டால் பம்ப் உர்ரென்று கத்துகிறது, சொட்டுத் தண்ணீர் வருவதில்லை. ஆடி வெள்ளிக்குத் தங்கச்சி சுதாவும் மாப்பிள்ளை வீட்டாரும் வந்தபோது கெட்டது அப்படியே இருக்கிறது. உள்ளே ஏதோ அடைப்பு. அந்தக் கையேட்டை எங்கே வைத்தாய்? படம் போட்ட பக்கம் மட்டும் கிடைத்தால் போதும், அரை நாளில் முடித்துவிடுவேன். பதினைந்து எச்.பி. மோட்டாரையே பிரித்து வைண்டிங் கட்டுகிறவனுக்கு இந்தப் பொம்மை எம்மாத்திரம்?

இன்னொன்று. ஒரு மாத மாற்றுப்பணி, 31ஆம் தேதி முடிந்து வந்துவிடுவாய் என்றுதான் நான் இருந்தேன். நீ நிரந்தரமாகவே அங்கு மாற்றல் கேட்டு விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறாய் என்று பூஜா சொல்கிறது. இது என்ன பேச்சு? ஒரு மிஷினுக்காகவா? கடைக்கு வருகிறவனெல்லாம் என்னைக் கிண்டல் செய்கிறான். "இன்னாபா, கல்யாணமாகி நாலு வருஷம் கயிச்சி இப்பதான் ஆடிக்குப் பொண்டாட்டிய அனுப்பிக்கீற?" என்று கேட்கிறான். பதில் சொல்லி மாளவில்லை.

கையேடு எங்கே என்று எழுது.

வேதகிரி

*

அனுப்புநர்: இ. இளமதி, ஆய்வக நுட்புநர் (மாற்றுப்பணி), செங்கல்பட்டு.
பெறுநர்: திரு. ஏ. வேதகிரி, மோட்டார் வைண்டிங் கடை, உத்திரமேரூர்.
நாள்: 6-8-2025
பொருள்: காபி இயந்திரம் பழுது – விவரம் கோருதல் – தொடர்பாக.
பார்வை: தங்களின் 4-8-2025 நாளிட்ட கடிதம்.

ஐயா,

பார்வையில் கண்ட கடிதத்தில் இயந்திரம் "கெட்டது" என்று குறிப்பிடப்பட்டுள்ளது. இயந்திரம் தானாகக் கெடவில்லை. 24-7-2025 வியாழன் மாலை, நான் பணியிலிருந்து திரும்பும் முன் அதன் தண்ணீர்த் தொட்டியில் ஊற்றப்பட்டது என்ன, எவ்வளவு, அதில் உப்பு கலந்திருந்ததா என்ற விவரங்களைத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். விவரம் வந்த பிறகே கையேடு அனுப்பப்படும்.

இப்படி எழுதினால்தான் எனக்குக் கோபம் அடங்கி எழுத்து வருகிறது. போனை ஏன் எடுக்கவில்லை என்றால், நான் ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் நீங்கள் பாதியில் வெட்டி மீதியை நீங்களே சொல்லி முடிப்பீர்கள். காகிதத்தில் அது முடியாது.

வெள்ளிக்கிழமை நடந்ததை நான் எழுதுகிறேன், இல்லை என்றால் இல்லை என்று சொல்லுங்கள். உங்கள் மாப்பிள்ளை தமிழ்வாணனுக்கு முதல் கப். வாயில் வைத்தவர், "இன்னா இது, காபில ரசம் வாசன வருது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் ட்ரேயோடு நிற்கிறேன். நீங்கள் சொன்னது: "எல்லாம் இளமதி வேல. போர்த் தண்ணிய ஊத்தி ஊத்தி மிஷினயே நாசம் பண்ணிட்டா." அதற்கு அத்தை, "படிச்ச பொண்ணுன்னு பேரு, ஒரு மிஷின வெச்சிக்கத் தெர்ல" என்றார். நான் சமையலறைக்குப் போய்த் தொட்டியைக் கழற்றிப் பார்த்தேன். அடியில் புளி நார்.

திரும்பி வந்து உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். அன்று சொல்லவில்லை. சனி, ஞாயிறும் சொல்லவில்லை. திங்கட்கிழமை, வேறு யாரும் போகப் பிடிக்காமல் கிடந்த இந்த மாற்றுப்பணியை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மாற்றல் விண்ணப்பம் பூர்த்தி செய்யப்பட்டு என் பையில் இருக்கிறது. 29ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். ஒரு மிஷினுக்காகவா என்று கேட்டிருக்கிறீர்கள். மிஷினுக்காக இல்லை.

இளமதி

*

உத்திரமேரூர்
9-8-2025

இளமதிக்கு,

நாலு வருஷத்தில் என் பேரை நீ வாயால் சொன்னதில்லை. முதல் தடவையாக எழுதியிருக்கிறாய், அதுவும் மின்வாரிய நோட்டீஸ் மாதிரி. அம்மா உறையைப் பார்த்துவிட்டு, "இன்னாடா, கோர்ட்லேந்து வந்துக்கீதா?" என்று பயந்துபோனது.

சரி, விவரம்தானே? எழுதுகிறேன். புளிதான் ஊற்றினேன். கால் கிலோ இருக்கும். கைப்பிடி உப்பும் போட்டேன். சும்மா கொட்டவில்லை, கரைத்து வேட்டித் துணியில் இரண்டு தடவை வடிகட்டித்தான் ஊற்றினேன். அன்று அம்மா மறுநாள் வெள்ளிக்கு விளக்கு தேய்த்துக்கொண்டிருந்தது. புளி பட்டதும் கறுப்பு விளக்கெல்லாம் தங்கமாகிறது. நீதானே சொன்னாய், மிஷின் உள்ளே இருக்கிற பாய்லர் முழுக்கப் பித்தளை, போர்த் தண்ணீர் உப்பு படிந்து காபி மெதுவாக வருகிறது, சுத்தம் செய்ய வேண்டும் என்று? பித்தளை என்றால் புளி. இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

அதோடு, மாப்பிள்ளை வரும்போதெல்லாம் அவர் கம்பெனி கேன்டீனில் இருக்கிற மிஷினைப் பற்றி அளக்கிறார். நம் வீட்டிலும் ஒன்று இருக்கிறது என்று காட்ட நினைத்தேன். அது ஒரு தப்பா?

கையேட்டுக்காகக் காத்திருக்கவில்லை, நானே திறந்துவிட்டேன். பாய்லரின் நாலு போல்ட்டும் கழன்றது. உள்ளே கொழகொழவென்று புளிக்காய்ச்சல். வாஷர் கிழிந்து வந்தது. டிராக்டர் ட்யூபில் அளவெடுத்து ஒன்று வெட்டிப் போட்டேன். ஸ்விட்ச் போட்டதும் பக்கவாட்டில் தண்ணீர் பீய்ச்சி ஹீட்டர் கனெக்ஷன் மேல் பட்டு வீடு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. அம்மா சீரியலில் முக்கியமான கட்டமாம். அன்றைக்கு எனக்குக் கிடைத்த அர்ச்சனையை எழுத இந்தப் பேப்பர் போதாது.

இப்போது திருப்தியா? எழுதிக் கொடுத்துவிட்டேன். கையேட்டை அனுப்பு. விண்ணப்பத்தைக் கிழித்துப் போடு.

வேதகிரி

*

செங்கல்பட்டு
11-8-2025

ஐயா,

தங்கள் விளக்கம் பெறப்பட்டது. கையேடு உங்கள் கடையில், நீங்கள் பில் புத்தகம் வைக்கும் அதே மேசை இழுப்பறையில், இரண்டு வருடமாக இருக்கிறது. மிஷின் வாங்கிய அன்றே படிக்கச் சொல்லி நான்தான் வைத்தேன்.

டிராக்டர் ட்யூபைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். சூட்டில் அது வெந்து, காபி பஞ்சர் கடையில் குடிக்கிற மாதிரி இருக்கும். அளவுக்கான வாஷரை என் அறைத்தோழி சோபியா பெங்களூர் கடையொன்றில் ஆர்டர் செய்திருக்கிறாள். நீங்கள் செய்ய வேண்டியது: பாய்லரை வெறும் தண்ணீரில் கழுவுங்கள். மேலே இரண்டு ஒயர் போகிற சின்ன வால்வைக் கழற்றுங்கள், புளி நார் சிக்கியிருப்பது அதற்குள்தான். அந்த வால்வை அப்படியே, பிரிக்காமல், பூஜாவிடம் கொடுத்தனுப்புங்கள். "பிரிக்காமல்" என்பதை மறுபடியும் படியுங்கள்.

புளி பித்தளையைத் தேய்க்கத்தான். விளக்கைத் தேய்த்தால் கழுவிக் கவிழ்க்கலாம். ஊசித் துளை வழியாகப் போகிற மிஷினில் நார் எங்கே போகும்? என்னைக் கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் சொல்லியிருப்பேன். நீங்கள் கேட்கவில்லை, இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள் என்கிறீர்கள். ஊரைக் கேட்பீர்கள், சோதனைச்சாலையில் தினம் அமிலம் அளந்து ஊற்றுகிற பெண்டாட்டியைக் கேட்க மாட்டீர்கள்.

எழுதிக் கொடுத்துவிட்டேன், திருப்தியா என்று கேட்டிருக்கிறீர்கள். யாருக்கு எழுதிக் கொடுத்தீர்கள்? எனக்கு. எனக்குத்தான் அன்றைக்கே தெரியுமே. தெரியாதவர்கள் எட்டுப் பேர். அவர்கள் இன்னும் நான்தான் கெடுத்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இது வெளிநாடு போன டாக்டரம்மாவிடம் என் சம்பளத்தில் வாங்கிய மிஷின். காலையில் ஐந்தரைக்கு ஸ்விட்சைப் போட்டுவிட்டு, அது சூடாகிற இருபது நிமிடமும் அதன் பக்கத்திலேயே நிற்பேன். அந்த வீட்டில் யாரும் என்னை எதுவும் கேட்காத நேரம் அது ஒன்றுதான். அதைத்தான் எல்லோர் முன்னாலும் எனக்கு வைத்துக்கொள்ளத் தெரியாது என்றார்கள்.

இளமதி

*

உத்திரமேரூர்
16-8-2025

இளமதிக்கு,

வால்வைப் பிரித்துவிட்டேன்.

கோபப்படாதே. "பிரிக்காமல்" என்பதை இரண்டு தடவை படித்தேன். ஆனால் கையில் திருப்புளியும் எதிரில் திருகும் இருக்கும்போது என் கை கேட்பதில்லை. திறந்ததும் உள்ளே இருந்த ஸ்பிரிங், அரிசி மணி அளவுதான் இருக்கும், டிங்கென்று பறந்தது. மூன்று நாள் தேடினேன். பீரோவை நகர்த்தினேன், அரிசி மூட்டையைக் கொட்டிச் சலித்தேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டது. வைண்டிங் கம்பியில் நானே ஒரு ஸ்பிரிங் சுற்றினேன், அது அமுங்கினால் அமுங்கியதுதான், எழுந்திருக்கவில்லை. ஸ்பிரிங் இல்லாத வால்வை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இருபது வருஷமாகத் தொழில் செய்கிறேன், இப்படி ஒரு பேஜார் பிடித்த சாமானைப் பார்த்ததில்லை. தூக்கிக் கிணற்றில் போடலாம் என்று இரண்டு தடவை வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பினேன்.

எட்டுப் பேர் என்கிறாய். எட்டுப் பேரிடமும் போய் நான் என்ன சொல்வது? பஸ் ஸ்டாண்டில் போஸ்டர் ஒட்டவா? தமிழ்வாணன் இந்த ஆயுசுக்கும் என்னைப் "புளி மெக்கானிக்" என்றே கூப்பிடுவார். அவர் வாய் உனக்குத் தெரியாதா?

ஒன்று சொல்கிறேன், மறைக்காமல். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. கட்டிக் கொடுத்த மோட்டார் ஒரு வாரத்தில் எரிந்து வந்தால் என் வைண்டிங் சரியில்லை என்று சொல்ல மாட்டேன். "வோல்டேஜ்பா, லோ வோல்டேஜ்" என்பேன். என் முதலாளியும் அதைத்தான் சொன்னார். ஊரில் இருக்கிற அத்தனை கடையும் அதைத்தான் சொல்லும். தப்பை ஒத்துக்கொண்டால் அடுத்த மோட்டார் கடைக்கு வராது. அன்றைக்குத் தமிழ்வாணன் முகம் சுளித்ததும் என் வாய் அதன் பழக்கத்தில் பேசிவிட்டது. நினைத்துச் சொன்னதில்லை.

வீடு நன்றாக இல்லை, இளமதி. அம்மா போடுகிற காபி வெந்நீர் மாதிரி இருக்கிறது. அதற்காகச் சொல்லவில்லை. நீ இல்லாமல் நன்றாக இல்லை.

வேதகிரி

*

செங்கல்பட்டு
20-8-2025

ஸ்பிரிங் பறந்தது பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. எழுதினால் காகிதம் கிழியும்.

வால்வை மெல்லிய ஊசிக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்தேன். நீங்கள் வேட்டித் துணியில் இரண்டு தடவை வடிகட்டியும் ஒரு முழ நீளத்துக்கு நார் வந்தது. புது ஸ்பிரிங் போட்டு, பிரிக்க முடியாதபடி டேப் சுற்றி அனுப்பியிருக்கிறேன். வாஷர் தனிப் பொட்டலத்தில் இருக்கிறது. இன்னொரு பொட்டலத்தில் சிட்ரிக் ஆசிட், இருபது கிராம், எடை போட்டது. ஒரு லிட்டர் கேன் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள், போர்த் தண்ணீர் வேண்டாம். பாதியை ஓடவிட்டு நிறுத்தி, இருபது நிமிடம் சும்மா இருங்கள். பிறகு மீதி. பிறகு மூன்று தொட்டி வெறும் தண்ணீர். இரண்டு தொட்டி போதும் என்று உங்களுக்குத் தோன்றும். மூன்று.

நீங்கள் வோல்டேஜ் பற்றி எழுதியதைப் பல தடவை படித்தேன். நீங்கள் இதுவரை என்னிடம் சொன்னதிலேயே அதுதான் உண்மையான பேச்சு. அதனால்தான் அதிகம் வலிக்கிறது. அந்தக் கடையில் எரிந்த மோட்டாருக்கு வோல்டேஜ் மேல் பழி போட்டால் வோல்டேஜுக்கு ஒன்றும் ஆகாது. அது ட்ரேயைப் பிடித்துக்கொண்டு எட்டுப் பேர் முன்னால் நிற்காது. நான் வோல்டேஜ் இல்லை.

தமிழ்வாணன் உங்களைக் கிண்டல் செய்வார் என்று பயப்படுகிறீர்கள். ஒரு மாதமாக அந்தக் கிண்டல் என் பேரில் ஓடிக்கொண்டிருக்கிறது. போன வாரம் சுதா எனக்கு மெசேஜ் அனுப்பியிருந்தாள்: "அண்ணி, எங்க வீட்டு மிக்ஸியைத் தொட்டுடாதீங்க," பக்கத்தில் சிரிக்கிற பொம்மை நான்கு.

நீங்கள் யாரிடமும் போய்ச் சொல்ல வேண்டாம். நான் கேட்டு நீங்கள் சொன்னால் அதில் எனக்கு ஒன்றுமில்லை. மிஷினைச் சரி செய்து வைத்துக்கொள்ளுங்கள், அதை வீணாக்க எனக்கு மனசில்லை. 29ஆம் தேதி விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுகிறேன்.

இளமதி

*

உத்திரமேரூர்
28-8-2025

இளமதிக்கு,

நேற்று பிள்ளையார் சதுர்த்தி. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பூஜாவைக் காலை முதல் பஸ்ஸில் பிடிக்க வேண்டும், கையெழுத்து மோசமாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ எழுதியபடியே செய்தேன். டேப்பைப் பிரிக்கவில்லை. மூன்று தொட்டியும் ஓட்டினேன். முதல் தொட்டியில் டீ நிறத்தில் வந்தது, மூன்றாவதில் தெளிந்தது. நேற்று சாயங்காலம் சுதா, மாப்பிள்ளை, அவர் தம்பி, தம்பி மனைவி நாலு பேரும் கொழுக்கட்டை சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் ஸ்விட்சைப் போட்டுவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு மிஷின் பக்கத்தில் இருபது நிமிஷம் முழுசாக உட்கார்ந்தேன். முன்னெல்லாம் ஐந்து நிமிஷத்தில் பட்டனை அமுக்கிவிட்டு, கசக்கிறது என்று உன்னைத் திட்டுவேன். நேற்று அது மெல்லச் சூடாகி டிக் டிக்கென்று சத்தம் கொடுத்ததைக் கேட்டேன். நாலு வருஷத்தில் உனக்கு இந்த இருபது நிமிஷம்தான் கிடைத்தது என்று நினைத்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது.

காபி வந்தது. மேலே தேன் நிறத்தில் நுரை. தமிழ்வாணன் குடித்துவிட்டு என் முதுகில் தட்டினார். "மச்சான், இளமதி தங்கச்சி கெடுத்து வெச்சத ஒரே ஆளா சரி பண்ணிட்டியே. கைகாரன்யா நீ!" சுதா சிரித்தாள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

உண்மையைச் சொல்கிறேன். அந்த ஒரு நிமிஷம் எனக்கு நன்றாகத்தான் இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பெரிய மெக்கானிக் என்று பேர். அப்படியே விட்டிருப்பேனோ என்னவோ. ஆனால் வால்வில் சுற்றியிருந்த உன் டேப் மிஷின் ஓரத்தில் கொஞ்சம் தெரிந்துகொண்டிருந்தது.

"அவ ஒண்ணும் கெடுக்கல மாப்ள. நான்தான் கால் கிலோ புளியக் கரச்சி உள்ள ஊத்துனேன். அன்னிக்கி பொய் சொன்னேன். இப்ப சரி பண்ணதும் அவதான், நான் திருப்புளி புடிச்சேன், அவ்ளோதான்" என்றேன்.

அப்புறம் தமிழ்வாணன், "புளியா!" என்று ஆரம்பித்துப் புரையேறும் வரை சிரித்தார். நீ சொன்ன மாதிரி கிண்டல் இப்போது என் பேருக்கு மாறிவிட்டது. காலையில் கடைக்கே போன் செய்து, "மச்சான், எங்க வூட்டு வெளக்கு ரெண்டு கறுத்துப் போய்க் கீது, மிஷின்ல போடுவியா?" என்கிறார். ஆனால் சுதா சிரிக்கவில்லை. "அண்ணிக்கு நான் ஒரு மெசேஜ் அனுப்பிட்டேன்ணா" என்று தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டாள்.

அம்மாதான் கொழுக்கட்டைத் தட்டை எடுத்துக்கொண்டே சொன்னது: "எனக்கு அன்னிக்கே தெரியும். புளி டப்பா காலியா கீறத நான் பாக்கலன்னு நெனச்சிக்கினியா?"

"அப்பறம் ஏம்மா அவளச் சொன்ன?"

"நீ சொன்ன, நானும் சொன்னேன். அத்தினி பேர் எதிர்ல பெத்த புள்ள பேச்சத் தள்ள முடியுமா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தெரிந்தே சொல்லியிருக்கிறதே என்று கத்தினேன். கத்திவிட்டு உட்கார்ந்தபோதுதான் தோன்றியது, அம்மா சொன்னது என் பேச்சைத்தானே. ஆரம்பித்தவன் நான்.

எட்டுப் பேரில் ஐந்து பேர் அங்கேயே கேட்டார்கள். பக்கத்து வீட்டு மலர்க்கொடி அக்காவிடம் இன்று காலையில் போய்ச் சொன்னேன். மாப்பிள்ளையின் அப்பா அம்மாவுக்குப் போன் போட்டேன். பெரியவர், "புளி வேணுமா? எவ்ளோ வேணும், குடுத்து அனுப்பறேன்" என்கிறார். மூன்று தடவை சொல்லிப் புரியவைத்தேன். ஆக எட்டு.

நீ கேட்டு நான் சொன்னதாக நினைக்காதே. நாளைக்கு 29. உன் இஷ்டம்.

வேதகிரி

*

செங்கல்பட்டு
29-8-2025

என்னங்க,

வெள்ளைத்தாள் தீர்ந்துவிட்டது. கையில் இருந்த ஒரு விண்ணப்பப் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முன்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள், தேதி போடும் கட்டம் காலியாகத்தான் இருக்கிறது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. அத்தையிடம் நான் பேச வேண்டியது இருக்கிறது, அதை நானே நேரில் பேசிக்கொள்கிறேன், நீங்கள் நடுவில் வராதீர்கள். சுதா நேற்று அழுதுகொண்டே போன் செய்தாள், எடுத்தேன். ஒரு மாதம் நான் விழுங்கிக்கொண்டிருந்ததை நீங்கள் ஒரு சாயங்காலத்தில் சொல்லிவிட்டுத் தலை நிமிர்ந்துவிட்டீர்கள். எனக்கு அவ்வளவு சீக்கிரம் ஆறாது. ஆறும்போது சொல்கிறேன், அவசரப்படுத்தாதீர்கள்.

"நான் திருப்புளி புடிச்சேன், அவ்ளோதான்" என்ற வரியை மட்டும் சோபியாவுக்குப் படித்துக் காட்டினேன்.

இனி மிஷின். நாளை சனிக்கிழமை. தொட்டியில் கேன் தண்ணீர் நிரப்புங்கள். சாயங்காலம் சரியாக ஐந்து மணிக்கு ஸ்விட்சைப் போடுங்கள். என் பஸ் ஐந்தே காலுக்கு உத்திரமேரூர் வரும், பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடக்க ஐந்து நிமிடம் ஆகும். பஸ் ஸ்டாண்டுக்கு வர வேண்டாம். மிஷின் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருங்கள். நான் வரும்வரை எந்தப் பட்டனையும் தொடாதீர்கள்.

இளமதி